ஜாஸ்லின் தானே எழுதிய புராஜெக்ட்

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஹாஜா முகைதீன். மார்ச் மாதம் வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷ புராஜெக்ட்டை பைண்ட் போட வருவார்கள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, ஆளுக்கு மூன்று பிரதி.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் கொண்டுவருவதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே ஏழெட்டுதான். நூலக நிர்வாகம், மருத்துவமனை நிர்வாகம், ஹோட்டல் ரூம் புக்கிங். வருஷத்துக்கு வருஷம் பெயர் மட்டும் மாறும். ஒருமுறை முதல் பக்கத்தில் பானுப்பிரியா என்றும் முப்பத்துநாலாம் பக்கத்தில் முந்தின வருஷத்துப் பையன் பெயரும் இருந்தது. கடையில் டைப்பிங் பார்ப்பது என் மனைவி காலிதா. அவள் கண்ணில்தான் அது பட்டது. திருத்திக் கொடுத்தோம். எல்லாரும் வெளியூரில் ஒரு புராஜெக்ட் சென்டரில் சர்டிபிகேட்டோடு சேர்த்து விலைக்கு வாங்கி வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த சென்டர் இங்குள்ள கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைத்தலைவரின் மைத்துனருடையது என்றும் தெரியும். தெரிந்தே எட்டு வருஷம் பைண்ட் போட்டேன்.

2024 மார்ச்சில் ஒரு பிள்ளை பேப்பர் கட்டோடு வந்து நின்றது. ஒல்லி, வெயிலில் கறுத்த முகம், தோளில் கனமான லேப்டாப் பை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்.

"சென்டர் சர்டிபிகேட் பக்கத்தக் காணோமே, விட்டுட்டியாம்மா?"

"அதெல்லாம் எனக்குக் கெடையாது பாய். இது நானே செஞ்சது."

நான் சிரித்துவிட்டேன். கிண்டலாகத்தான் சிரித்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு உறுத்துகிறது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தது, என் ஜெராக்ஸ் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் வயரைச் சொருகியது, திறந்து காட்டியது. கடையில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அதுதான் ஜாஸ்லின். தங்கச்சிமடம் பக்கம் கடற்கரைக் குடியிருப்பு. அப்பா பெஞ்சமின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா புஷ்பமேரி நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கும் வேலை. பிளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கே முதல் மார்க்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் என்று சொன்னபோது பெஞ்சமினுக்கு அது என்ன படிப்பு என்று தெரியாது. "நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலதானே? அப்பப் படி" என்றாராம். பேருந்தில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் போக, ஒன்றேகால் மணி நேரம் வர என்று மூன்று வருஷம் படித்தாள்.

என்ன படித்தாள் என்று கேட்டால்தான் வயிறு எரிகிறது. கல்லூரியின் விளம்பரப் பலகையில் குளிர்சாதன வசதியுள்ள கம்ப்யூட்டர் லேப் என்று எழுதியிருக்கும். உள்ளே நாற்பது கம்ப்யூட்டர். ஓடுவது பதினொன்று. அறுபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றின் முன்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒருத்தி தட்ட மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பாதி நாள் லேப் பூட்டியிருக்கும். திறந்தால் தூசி உள்ளே போய்விடுமாம். புரோகிராமை நோட்டில் அழகாக எழுதி, அது ஓடினால் என்ன வருமோ அதையும் கையாலேயே எழுதி, சுற்றிலும் பென்சிலில் கட்டம் போட்டுக் கொடுத்தால் முழு மார்க்கு. நீச்சலை நோட்டில் எழுதிக் காட்டச் சொன்ன மாதிரி.

ஜாஸ்லின் அங்கே கற்றுக்கொள்ளவில்லை. போனில் வீடியோ பார்த்தும், அக்கா மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய லேப்டாப்பில் தட்டிப் பார்த்தும் கற்றுக்கொண்டாள். அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போனது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். வீட்டில் கரண்ட் இருக்கும் நேரம்தான் அவளுக்கு வகுப்பு.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் மதியம் வாடைக்காற்று திடீரென்று ஏறியது. கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடி வந்தன. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜாஸ்லினின் சித்தப்பா ஆன்டனி ராஜ் பாம்பன் பக்கம் கரை ஏறியிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவரோ இன்ஜின் நின்றுபோய் நடுக்கடலில் காற்றில் இழுபட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் வேறொரு படகுக்காரர்கள் பார்த்து இழுத்துவந்தார்கள். உயிரோடு வந்தார். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க ஒருவரும் அவரைத் தேடவில்லை, காணோம் என்றே ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை ஜாஸ்லினால் தாங்க முடியவில்லை.

இதைத்தான் அவள் புராஜெக்ட்டாக எடுத்தாள். எந்த வள்ளம், எத்தனை மணிக்குப் போனது, உள்ளே யார் யார், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கரையில் இருப்பவர்கள் போனிலேயே பதிய வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். காற்று எச்சரிக்கை வந்தால் இன்னும் வராதவர்களின் பட்டியல் மட்டும் தனியாக மேலே வந்து நிற்கும். கேட்டால் சின்ன வேலை மாதிரிதான் இருக்கும். முப்பத்தேழு வள்ளக்காரர்களிடம் நடந்து நடந்து பேசி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி திரும்பத் திரும்ப மாற்றி எழுதினாள்.

துறைத்தலைவரிடம் கொண்டுபோனாள். அவர் தலைப்பைப் படித்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? சென்டர்ல லிஸ்ட் குடுத்திருக்காங்கல்ல, அதுல ஒண்ணு எடு. எல்லாரும் எடுத்தாச்சு."

"சார், இத முக்கால்வாசி முடிச்சிட்டேன். ஓடுது. காட்டவா?"

"காட்ட வேணாம். உன் இஷ்டம். வைவால என்னயக் கேக்காத."

காட்ட வேண்டாம் என்றாரே, அங்கேதான் எனக்கு ஆறவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிற மனிதர். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு பிள்ளை தானாக ஒன்றைச் செய்து ஓடவிட்டிருக்கிறது. எட்டிப் பார்க்கக்கூட அவருக்கு ஆசை வரவில்லை.

ஏப்ரலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். ஒரு காலைப் பொழுதுக்குள் அறுபத்திரண்டு பேரை முடித்துவிட்டு அவர் சாப்பிடப் போக வேண்டும். அன்றைக்கு நடந்ததை ஜாஸ்லினும், வாசலில் அடுத்து உள்ளே போகக் காத்திருந்த மாரிச்செல்வியும் எனக்குச் சொன்னார்கள். மாரிச்செல்வி ஜாஸ்லினின் கூட்டாளி. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், அப்பாவும் அம்மாவும் மிளகாய்க் காட்டில் கூலி வேலை. அவள் புராஜெக்ட் ஹோட்டல் ரூம் புக்கிங், சென்டரில் வாங்கியது.

தேர்வாளர் ஜாஸ்லின் புத்தகத்தைப் புரட்டினார்.

"யாரு பண்ணிக் குடுத்தா?"

"நாந்தான் சார் பண்ணேன்."

"அப்பா என்ன பண்றார்?"

"கடலுக்குப் போறாங்க சார்."

"வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப நெட்ல எடுத்தியா? மத்தவங்க எல்லாரும் சென்டர் சர்டிபிகேட் வச்சிருக்காங்க. உனக்கு மட்டும் இல்ல. இது உன்னோடதுன்னு நான் எப்படி நம்புறது?"

இந்த வாக்கியத்தை நான் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விலைக்கு வாங்கிய அறுபத்தொரு பேரிடம் சான்றிதழ் இருந்தது, அதனால் அது அவர்களுடையது. தானே எழுதியவளிடம் இல்லை, அதனால் அது திருட்டு.

"சார், ஓட்டிக் காட்டுறேன். எந்த வரிய வேணும்னாலும் கேளுங்க" என்று ஜாஸ்லின் லேப்டாப்பைத் திறந்தாள். சொருக இடம் தேடினாள். அந்த அறையில் வேலை செய்த ஒரே பிளக்கில் தேர்வாளருக்காக டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ரெண்டே நிமிசம். இதக் கழட்டிக்கிறட்டுமா?"

தேர்வாளர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர், "ஜாஸ்லின், வாதாடிக்கிட்டு நிக்காத. வெளிய அத்தன பேரு நிக்கிறாங்கல்ல" என்றார். ஃபேனை யாரும் கழற்றவில்லை. ஒரு கேள்விகூட அவர்கள் புரோகிராமைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

அடுத்து உள்ளே போன மாரிச்செல்வி மனப்பாடம் செய்துவைத்திருந்த நாலு வரியை ஒப்பித்தாள். வெரி குட் என்றார்களாம்.

ஜூனில் ரிசல்ட். மாரிச்செல்விக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஜாஸ்லினுக்கு முப்பத்தொன்று. பாஸ் மார்க்கு நாற்பது. மற்ற எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு வாங்கியிருந்த பிள்ளை புராஜெக்ட்டில் ஃபெயில். டிகிரி கிடையாது, எம்.சி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அழுதுகொண்டிருந்தது ஜாஸ்லின் இல்லை, மாரிச்செல்வி.

"வெக்கமா இருக்குண்ணே" என்றாள் அவள். "எம்புராஜெக்டத் தொறக்கக்கூட எனக்குத் தெரியாது. இவகிட்டத்தான் எப்படித் தொறக்குறதுன்னு கேட்டேன். எனக்குத் தொண்ணூத்தொண்ணாம்."

ஜாஸ்லின் நேராக விஷயத்துக்கு வந்தாள். "பாய், பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போறேன். எல்லாருதும் ஒரே புராஜெக்டுன்னு காட்டணும். பழைய வருசத்து ஃபைல் ஒங்க கம்ப்யூட்டர்ல கெடக்கும்ல?"

கிடந்தது. எல்லாம் கிடந்தது. ஆனால் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தக் கல்லூரியின் வினாத்தாள், விழா அழைப்பிதழ், அடையாள அட்டை எல்லாம் என் கடையில்தான் அடிக்கிறார்கள். "நாளைக்கு வாம்மா, பாப்போம்" என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த காலிதா எழுந்து வந்தாள். "நாளைக்கு என்னத்தப் பாக்கப் போறீங்க? அதே ஃபைலத்தான பாக்கப் போறீங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, அஞ்சு வருஷத்து ஹோட்டல் ரூம் புக்கிங்கைத் தேடி எடுத்து வரிசையாகப் பிரிண்ட் போட்டாள். அஞ்சும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஸ்பெல்லிங் தப்புகூட ஒரே இடத்தில். எல்லாத்திலும் முதல் பக்கத்தில், இது இந்த மாணவரின் சொந்த உழைப்பு என்று அதே துறைத்தலைவரின் கையெழுத்து.

அவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த அஞ்சுக்கும் அட்டை போட்டவன் நான்தான்.

விண்ணப்பத்தை ஜாஸ்லினே எழுதினாள். இரண்டு முறை தபாலில் போனது, பதில் இல்லை. மூன்றாவதாக அவளும் பெஞ்சமினும் நேரில் போய், முத்திரை போட்ட ரசீதை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்கள். கூடவே மாரிச்செல்வி கைப்பட எழுதிய ஒரு பக்கம். நான் சமர்ப்பித்த புராஜெக்ட் நான் செய்ததல்ல, வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன் என்று பெயர், பதிவு எண்ணோடு எழுதியிருந்தாள். வேண்டாம் என்று ஜாஸ்லினே தடுத்துப் பார்த்தாள். "ஒனக்கு டிகிரியே போயிரும்டி." மாரிச்செல்வி கேட்கவில்லை.

அது கல்லூரிக்குத் தெரிந்ததும் மாரிச்செல்வியையும் அவள் அப்பா சின்னக்கருப்பனையும் வரவழைத்தார்கள். துறைத்தலைவர் அறையில் அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை. உங்க மகள் எழுதிக்கொடுத்த கடுதாசியால் அவள் டிகிரியையே ரத்து செய்துவிடுவார்கள், போய்த் திரும்ப வாங்கச் சொல்லுங்கள் என்று மிரட்டினார்கள். அவர் மகளிடம் திரும்பினார்.

"ஏம்த்தா, நீ எழுதுனது நெசமா?"

"நெசந்தான்யா."

"பெறகென்ன சார்? நெசத்த எழுதுனதுக்கு எம்மகள ஃபெயிலாக்குவீகன்னா, ஆக்கிக்கங்க. நாங்க வாரோம்."

வெளியே வந்ததும் மகள் கையைப் பிடித்தவர் பேருந்தில் ஏறும்வரை விடவில்லை என்று மாரிச்செல்வி சொன்னாள்.

எனக்கும் போன் வந்தது. கல்லூரி வேலை எல்லாம் அந்த மாதத்தோடு எதிர்க்கடைக்குப் போனது.

இதற்கிடையில் எம்.சி.ஏ. சேர்க்கை முடிந்துவிட்டது. ஜாஸ்லின் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளை, சேலைக்கு பில் அடித்துக்கொண்டிருந்தது. ஆடித் தள்ளுபடி நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க விடமாட்டார்கள். எப்போதாவது கடைக்கு வருவாள், "லெட்டர் ஏதும் வந்துச்சா பாய்?" என்று கேட்பாள். தொடர்பு முகவரியாக என் கடையைத்தான் கொடுத்திருந்தாள்.

நவம்பரில் வந்தது. மறு வைவா, பல்கலைக்கழகத்திலேயே. இரண்டு பேராசிரியர்கள். அதில் ஒருவர் வயதான அம்மா. இந்தத் தடவை பிளக் இருந்தது. ஜாஸ்லின் ஓட்டிக் காட்டினாள். அந்த அம்மா அவளிடம் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வராத வள்ளங்களைப் பட்டியல் போடுகிற பகுதியை மட்டும் முழுக்க அழித்துவிட்டு, "இப்ப இத மறுபடி எழுது. ரொம்ப நேரமா வராதவங்க மொதல்ல வரணும்" என்றார்.

ஜாஸ்லின் எழுதினாள். முதல் தடவை ஓடவில்லை. மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து, ஒரு இடத்தில் நேரத்தைத் தப்பாகக் கழித்திருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். ஓடியது.

"இத அவங்க கேக்கவே இல்லையா?" என்றார் அந்த அம்மா.

"கேக்கல மேடம்."

எண்பத்தாறு மார்க்கு போட்டார்கள். மாரிச்செல்வியின் டிகிரியை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் அறுபத்தொரு பேருடையதையும் செய்ய வேண்டுமே.

புது மார்க்‌ஷீட்டை வாங்கக் கல்லூரிக்குப் போனாள் ஜாஸ்லின். துறைத்தலைவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். மார்க்‌ஷீட்டோடு ஏற்கெனவே டைப் அடித்த தாள் ஒன்றையும் நீட்டினார். தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டு மார்க்‌ஷீட்ட வாங்கிக்கம்மா. அதான் பாஸாயிட்டியே. இன்னும் என்ன?"

"இதுல கையெழுத்துப் போட்டாத்தான் மார்க்‌ஷீட் குடுப்பேன்னு எழுதிக் குடுங்க சார். போடுறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் நின்றாள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆபீஸ் மூடுகிறவரை அந்த வராந்தாவில் நின்றாள். மாணவர்கள் போகிற போக்கில் நின்று என்ன என்று கேட்டார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாகச் சொன்னாள். நாலே முக்காலுக்கு ஒரு கிளார்க் வந்து மார்க்‌ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. போன ஒரு வருஷத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது. இனி ஒவ்வொரு புராஜெக்ட்டோடும், இது வேறெங்கிருந்தும் எடுக்கப்பட்டதல்ல என்று ஒரு உறுதிச் சான்றிதழ் இணைக்க வேண்டுமாம். அடுத்த மார்ச்சில் ஒரு பையன் வந்தான். நூலக நிர்வாகம். கூடவே அந்த உறுதிச் சான்றிதழும் இருந்தது. "இது எங்க வாங்குன தம்பி?" என்றேன். "சென்டர்லயே சேத்துக் குடுக்குறாங்க பாய்" என்றான், பெருமையாக. பைண்ட் போட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன். எதிர்க்கடைக்குப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் லேப்பும் பூட்டித்தானே கிடக்கும்.

ஜாஸ்லின் ஒரு வருஷம் பிந்தி எம்.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். அங்கே லேப் திறந்திருக்கிறது என்று முதல் வாரமே போன் பண்ணிச் சொன்னாள். மாரிச்செல்வி இங்கே ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் என் கடைக்கு வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து தானாகப் படிக்கிறாள். தொண்ணூற்றொன்று வாங்கியவள், இப்போதுதான் முதல் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள்.

புகாரை ஜாஸ்லின் விடவில்லை. ஐந்து வருஷத்து புராஜெக்ட் தலைப்புகளைக் கல்லூரியிடம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். பழைய பதிவுகளைக் கறையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணை. கறையான் அரிக்காத பிரதிகள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இந்தத் தடவை சாட்சியாக என் பெயரையும் எழுதிக்கொள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.